முதலிடம் பிடித்த வரி

ரபியாவின் வகுப்பறைக்குப் போக வேண்டுமானால் முதலில் ஒரு புடவைக் கடைக்குள் நுழைய வேண்டும். சிங்கப்பூரில், அப்பர் டிக்சன் சாலையில் நாகூர் கனி மாமாவின் கடை. சேலை உடுத்திய பொம்மைகளுக்கும் கல்லாவுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய், பின்பக்க மரப்படியில் ஏறினால் மேலே ஓர் அறை. முன்பு துணிமூட்டை அடுக்கி வைத்த இடம். அங்கேதான் தமிழ் டியூஷன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை வேலையை விட்டபின் ரபியா தொடங்கிய வகுப்பு அது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்த கூட்டம். அக்கா படித்து முடித்தாள், தம்பி வந்தான். தம்பி முடித்தான், பெரியம்மா மகள் வந்தாள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் படியேறும் சத்தம் கேட்டால் கீழே புடவை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். விளம்பரம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட ரபியா அச்சடித்ததில்லை.

அதுதான் தப்பாகப் போயிற்று. இப்போதைய பெற்றோர் பக்கத்து வீட்டில் விசாரிப்பதில்லை. போனில் தேடுகிறார்கள். தேடினால் வருவது கண்ணாடிக் கதவும் ஏர்கானும் வைத்து, கடைத்தொகுதிகளில் கிளை கிளையாக நடக்கும் பெரிய நிலையங்கள். ரபியாவின் அறையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஜனவரியில் பள்ளி திறந்தபோது நாகூர் கனி மாமா படியடியில் நின்று மேலே எட்டிப் பார்த்தார்.

"ரபியா, நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா தீபாவளிச் சரக்கு வந்தா வைக்க எனக்கு எடம் வேணும். ஜூன் லீவு வரைக்கும் பாப்போம். என்ன?"

"சரி மாமா" என்றாள் ரபியா. ஜூனுக்குள் நாற்காலி நிறையாவிட்டால் அறை மறுபடி கிடங்காகிவிடும். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதும் இல்லை, இவள் கேட்க வேண்டியதும் இல்லை.

அந்த வாரமே ரபியா ஓர் இணையப்பக்கம் தொடங்கினாள். கணவர் காதர் மைதீன் துவாஸில் ஆலை வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்கு புள்ள, கலரு மட்டும் மாத்து" என்றார். கலர் மாற்றினாள். யாரும் வரவில்லை. தாரணி என்ற மாணவியின் அம்மா ரோஷினிக்கு இணையப்பக்கங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் தொழில் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை அழைத்துப்போக வந்தவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ரோஷினி போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"டீச்சர், இது என்னது? 'தமிழ்மொழித் துணைப்பாட வகுப்புகள்'. இதை யாரு டைப் பண்ணுவா?"

"ஏன்? பெத்தவங்கதான்."

"பெத்தவங்களுக்கு இவ்ளோ தமிழ் வந்தா பிள்ளைய எதுக்கு உங்ககிட்ட அனுப்புறாங்க?"

ரபியாவும் சிரித்தாள். ஆனால் காது சூடாயிற்று. வலைத்தளத்தில் எந்தெந்தச் சொல்லை வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்று ஒரு வாரம் யோசித்து, பிழையில்லாத தூய தமிழில் அடுக்கி வைத்திருந்தாள். இலக்கண சுத்தமான அந்தச் சொற்களை இந்தத் தீவில் யாரும் தேடவில்லை.

"சரி, இங்லிஷ்ல 'தமிழ் டியூஷன் சிங்கப்பூர்'னு மாத்திடவா?"

ரோஷினி அதைத் தேடிக் காட்டினாள். திரை முழுக்கப் பெரிய நிலையங்கள். "இவங்கல்லாம் வருஷக்கணக்கா உக்காந்திருக்காங்க டீச்சர். எத்தனை பக்கம், எங்கெங்கருந்து லிங்க்கு! இந்த வார்த்தைக்கு நீங்க சண்டைக்குப் போனா பத்தாவது பக்கத்துல கெடப்பீங்க. பத்தாவது பக்கத்துக்கு மனுஷன் யாரும் போனதில்லலா."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"அவங்க கண்டுக்காம விட்ட கேள்வியப் புடிங்க. நீளமா, குறிப்பா இருக்கணும். கொஞ்சப் பேருதான் தேடுவாங்க. ஆனா அந்தக் கொஞ்சப் பேருக்கும் வேற போக்கிடம் இருக்காது. உங்களுக்கு ஊரே வேணுமா என்ன? இந்த ரூம் நெறஞ்சாப் போதும்லா?"

"போதும்லா" என்றாள் ரபியா.

அன்றிலிருந்து ரபியாவின் காது மாறிப்போனது. பிள்ளைகளை விடவரும் அம்மாக்கள் படியடியில் பேசிக்கொள்வதை முன்பெல்லாம் அவள் காதில் வாங்கியதில்லை. இப்போது வேண்டுமென்றே கரும்பலகையை மெதுவாகத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வீட்ல நல்லாத்தான் பேசுறான், ஓரல் பரீட்சையில போய் வாயே தொறக்கல." அதை அப்படியே ஒரு பக்கத்தின் தலைப்பாக்கினாள். அடுத்த வாரம் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அப்பா அழைத்து, "என் பையனத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது. மீன் பிடிக்க உட்கார்ந்தவனுக்குத் தக்கை முதன்முதலாக அமுங்கினாற்போல இருந்தது. ஆனால் ஒன்றிரண்டு பிள்ளைகளால் அறை நிறையாது.

லீலா அந்த ஜனவரியில்தான் வந்தாள். நாற்பதைத் தொட்ட பெண், பாசிர் ரிஸ்காரி, காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், அலுவலகத்தில் வேலை. கீழே கடையில் புடவை வாங்கி, அங்கேயே இருக்கும் தையற்காரரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவள். மேலே பிள்ளைகள் எழுத்துக்கூட்டும் சத்தத்தைப் பலநாள் கேட்டுவிட்டு, ஒருநாள் படியேறி வந்து வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், பெரியவங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?"

"தரலாமே. யாருக்கு?"

லீலா திரும்பிப் படியைப் பார்த்தாள். யாரும் இல்லை. "எனக்குத்தான்."

ரபியாவுக்கு ஆச்சரியம். அந்த வாசலில் நின்று அவள் பேசிய தமிழ் அவ்வளவு அழகாக இருந்தது. அதைச் சொன்னாள். லீலா தலைகுனிந்துகொண்டாள்.

"பேச வரும் டீச்சர். படிக்க வராது. ஸ்கூல்ல தமிழுக்குப் பதிலா அப்பா என்ன மலாய் எடுக்க வெச்சுட்டாரு. ஈசியா மார்க்கு வரும்னு. வீட்ல பேசிப் பேசித்தான் தமிழ். எழுத்துன்னு ஒண்ணுகூடத் தெரியாது."

அதோடு நின்றிருந்தால் பெரிய விஷயமில்லை. அவளைப் போல ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் லீலா சனி ஞாயிறுகளில் மேடை ஏறுகிறவள். சமூக மன்ற நிகழ்ச்சி, கல்யாண விருந்து, தமிழ்மொழி விழா என்று எதுவானாலும் தொகுத்து வழங்கும் நெறியாளர் லீலா. எழுதிக் கொடுப்பதை எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, தமிழைப் பார்த்துப் படிப்பதுபோல் படித்துவிடுவாள். கூட்டத்துக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அவளிடம் ஒரு கோப்பு இருந்தது. கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அட்டைக் கோப்புதான். அதற்கு ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியில் உறை தைத்து, உள்பக்கம் யாருக்கும் தெரியாதபடி மேலே ஒரு மடிப்பும் வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு ஷோவுக்கும் புதுசு தைப்பேன். உள்ள ஏபிசிடி இருக்குன்னு யாரும் பாத்துடக் கூடாதுல்ல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் டீச்சர். என் வீட்டுக்காரருக்கே முழுசாத் தெரியாது."

"என் வாயிலருந்து வராது லீலா" என்றாள் ரபியா.

பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் செவ்வாய்க்கிழமை காலைகளில் லீலா வந்தாள். திரும்பிப் போகும்போது கையில் கடையின் துணிப்பை இருக்கும். புடவை பார்க்க வந்தவள்போல் தெருவில் இறங்குவாள். ரபியா அவளை மேடையில் பார்த்ததே கிடையாது. வாரக் கடைசி முழுக்க ரபியாவுக்கு வகுப்பு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு லீலா சொன்னாள்: "மொதல்ல போன்லதான் தேடினேன் டீச்சர். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாதுன்னு இங்லிஷ்ல டைப் பண்ணுவேன். ஒண்ணுமே வராது. எல்லாம் சின்னப் பிள்ளைங்க கிளாஸ். என்ன மாதிரி உலகத்துல யாருமே இல்ல போலன்னு நெனச்சுக்குவேன்."

லீலா படியிறங்கிய சத்தம் ஓய்வதற்குள் ரபியா அதைத் தேடிப் பார்த்தாள். 'கேன் ஸ்பீக் தமிழ், கேனாட் ரீட்'. லீலா சொன்னது சரி. பெரிய நிலையங்கள் எதுவும் அங்கே இல்லை. பட்டா போடாத நிலம் மாதிரி காலியாகக் கிடந்தது.

எழுத உட்கார்ந்தாள். முதலில் பொதுவாகத்தான் எழுதினாள். ரோஷினிக்கு அனுப்பினாள். ரோஷினி படித்துவிட்டு அழைத்தாள்.

"வரி சூப்பர் டீச்சர். ஆனா உள்ள எழுதினது சவசவன்னு இருக்கு. இந்த மாதிரி யாரும் எழுதலாம். உண்மையான ஆளு யாராச்சும் தெரியுமா? அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க, என்ன செய்யிறாங்க, அதை எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு 'அட, நம்மதான் இது'ன்னு இருக்கணும்."

ரபியா எழுதினாள். பெயர் போடவில்லை. பாசிர் ரிஸ் என்று எழுதாமல் 'கிழக்கே' என்று எழுதினாள். காப்புறுதி வேலையைச் சொல்லவில்லை. மேடையில் நிகழ்ச்சி நடத்தும் ஒரு பெண், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தமிழ் படிக்கிறாள், அந்த எழுத்து தெரியாமலிருக்க ஜாக்கெட் துணியில் கோப்புக்கு உறை தைக்கிறாள். அந்தக் கோப்பு எழுதும்போதே கண்முன் நின்றது. அதை விட மனம் வரவில்லை. இந்த மேசையில் விரித்துக் காட்டியதால்தானே தனக்கே தெரியும், வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

"செம டீச்சர்!" என்றாள் ரோஷினி. பிறகு, "இவங்ககிட்ட கேட்டுட்டீங்கள்ல?" என்றாள்.

"பேருதான் போடலையே."

ரோஷினி அடுத்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். கேள்விக்குத் தான் பதில் சொல்லவில்லை என்பது ரபியாவுக்குத் தெரிந்தே இருந்தது.

பக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. மார்ச்சில் ஒருநாள் அந்த வரியைத் தேடியபோது முதலிடத்தில் ரபியாவின் வகுப்பு இருந்தது. அழைப்புகள் வந்தன. பெரியவர்கள், பெரும்பாலும் தணிந்த குரலில் பேசியவர்கள். சாங்கி விமான நிலையத்தில் வேலை செய்யும் இம்ரான். மகள் எழுதிய பிறந்தநாள் வாழ்த்தைப் படிக்க முடியாமல் குளியலறைக்குள் போய் அழுததாகச் சொன்ன ஆஸ்மா. இன்னும் சிலர். ஞாயிறு மாலைக்கு ஒரு புது வகுப்பு வைக்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் சனிக்கிழமைக்குச் சேர்த்தார்கள்.

"என்னம்மா, படிய ரிப்பேர் பாக்கணும் போலருக்கே" என்றார் நாகூர் கனி மாமா. அதன்பின் தீபாவளிச் சரக்கைப் பற்றி அவர் பேசவில்லை.

இரண்டு செவ்வாய் லீலா வரவில்லை. அலுவலகத்தில் வேலை என்று செய்தி அனுப்பினாள். மூன்றாவது செவ்வாய் வந்தபோது கொஞ்சம் இளைத்தாற்போல இருந்தாள். உட்கார்ந்ததும் சொன்னாள்:

"ஏப்ரல்ல பிள்ளைங்க பேச்சுப் போட்டி டீச்சர், மன்றத்துல. நான்தான் எம்சீ. வரவேற்பு மட்டும் தமிழ் எழுத்தப் பாத்தே படிக்கப் போறேன்."

"லீலா! அவசரப்பட வேணாமே. இன்னும் ஆறு மாசம் போகட்டும்."

"இல்ல டீச்சர், படிக்கணும். நீங்க வரணும். நீங்க என்ன மேடையில பாத்ததே இல்லைல்ல?"

ரபியா சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டுப் போனாள். மண்டபம் நிறைய பெற்றோரும், பரபரப்பில் உதடு முணுமுணுக்கும் பிள்ளைகளும். பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. திரை விலகி லீலா வந்தாள். கிளிப்பச்சைப் புடவை, ஊதா ஜாக்கெட், கையில் ஊதாக் கோப்பு.

பக்கத்து நாற்காலிப் பெண் தன் தோழியை முழங்கையால் இடித்தாள். "வந்துருச்சு பாரு ஃபைலு. பச்சைக்கு ஊதா."

ரபியா அவள் பக்கம் திரும்பினாள். "என்ன ஃபைலு?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க இவங்க ஷோ எதுவும் பாத்ததில்லையா? ஒவ்வொரு தடவையும் சாரிக்கு மேட்சா ஒரு ஃபைலு. அதுதான் அவங்க ஸ்டைலு. நாங்க இன்னைக்கு என்ன கலருன்னு பெட்டே கட்டுவோம்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. இங்க பாருங்க."

நீட்டிய போனில் ரபியாவின் பக்கம் இருந்தது. கணவர் மாற்றச் சொல்லி அவள் மாற்றிய அதே கலர்.

"எங்க குரூப்ல வந்துச்சு. யாரோ ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. பேரு போடல, பாவம், நல்லவங்கதான். ஆனா ஃபைலப் பத்தி எழுதிட்டு பேரு எதுக்கு, சொல்லுங்க?"

ரபியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஊரே பார்த்த கோப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாமலிருந்தது. அதை மேடையில் பார்த்திராத ஒரே தமிழாசிரியை, அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் ஊருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மேடையில் லீலா வணக்கம் சொன்னாள். குரல் அப்படியே மண்டபத்தை நிறைத்தது. பிறகு கோப்பைத் திறந்து, அதிலிருந்து ஒரு தாளை வெளியே எடுத்து, கோப்பை மூடிப் பக்கத்து மேசைமேல் வைத்துவிட்டாள். தாளை இரு கையிலும் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"இன்றைய... நிகழ்ச்சிக்கு... வருகை..." நின்றாள். "வருகை தந்தி... தந்திருக்கும்..."

முன்வரிசையில் ஒரு பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "ஏபிசிடியத் தேடுறாங்கடா" என்றது. அந்த வரிசையே குலுங்கியது.

ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தால் லீலா தண்ணீர்போல் ஓட்டியிருப்பாள். அவள் தடுமாறியது அன்றைக்குத்தான் முதன்முறையாக உண்மையாகப் படித்ததால். அந்த மண்டபத்தில் அது தெரிந்த ஒரே ஆள் ரபியா. கேலி செய்தவனிடம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லீலா கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஓர் எழுத்தையும் தாண்டிப் போகவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே சிற்றுண்டிக்குப் பீஹூனும் கறிபாப்பும் வைத்திருந்தார்கள். லீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ரபியாவிடம் வந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

"எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு லீலா. ரொம்ப நல்லா."

லீலா அவள் முகத்தையே பார்த்தாள். "அவ்ளோதானா?"

"ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் நிதானமாப் போயிருக்கலாம்."

"சரி டீச்சர்" என்றாள் லீலா. "சாப்ட்டுட்டுப் போங்க." யாரோ கூப்பிட, திரும்பிப் போனாள்.

ரயிலில் ரபியா போனை எடுத்து அந்தப் பக்கத்தை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. அழித்தாள். உடனே அந்த வரியைத் தேடினாள். முதலிடத்தில் அவளுடைய வகுப்பே இருந்தது. உள்ளே போனால் பக்கம் இல்லை. ஆனால் தேடல் முடிவில் தலைப்பும், அதன் கீழே 'ஜாக்கெட் துணியில் உறை தைத்த' என்ற வரியும் அப்படியே நின்றன. ஸ்டேஷனில் இறங்கியதும் ரோஷினியை அழைத்தாள்.

"கூகள் திரும்ப வந்து பாக்குற வரைக்கும் நிக்கும் டீச்சர். சீக்கிரம் எடுக்கச் சொல்லி ரிக்வெஸ்ட் போடலாம், நான் போட்டு விடுறேன். ஆனா எதுக்கு அழிச்சீங்க? நம்பர் ஒன்னுலா அது!"

ரபியா சொன்னாள். மண்டபத்தில் நடந்தது முழுவதையும் சொன்னாள்.

"நான் கேட்டேனே டீச்சர்."

"ஆமாம்மா, நீ கேட்டே."

அடுத்த சில நாட்களில் வரி மறைந்தது. ரபியா தேடித் தேடிப் பார்த்ததில், 'கேன்' என்று தொடங்கினாலே அவளுடைய போன் மீதியைத் தானே எழுதிக் காட்டியது. வரி மறைந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. பெரிய நிலையங்களில் ஒன்று அதே வார்த்தைகளில் புதுப்பக்கம் போட்டிருந்தது. 'தமிழ் பேசுவீர்கள், ஆனால் படிக்க வராதா?' கோப்பு இல்லை, மேடை இல்லை, பெண்ணும் இல்லை. யாரோ வெளிநாட்டார் மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் படம்.

"உங்களப் பாத்துத்தான் போட்டிருப்பாங்க" என்றாள் ரோஷினி. "எந்த வார்த்தைல யாருக்கு ஆளு வருதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல. விடுங்க."

செவ்வாய் வந்தது. லீலா வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. ரபியா கிளம்பினாள்.

"போன்ல பேசிடேன் புள்ள. அவ்ளோ தூரம் எதுக்கு?" என்றார் காதர் மைதீன்.

"போன்ல முடியாதுங்க."

பாசிர் ரிஸில் லீலாவின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, சுவரில்லாத வெற்றுத்தளத்தில் கல்மேசை போட்டிருந்தது. லீலா அலுவலக உடையோடு இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். ரபியா ரயிலில் கோத்து வைத்திருந்த முன்னுரையை எல்லாம் விட்டுவிட்டாள். நேராகச் சொன்னாள்.

"அந்தப் பக்கத்த எழுதினது நான்தான் லீலா."

"தெரியும் டீச்சர்."

ரபியா அவளைப் பார்த்தாள்.

"மார்ச்சுலயே பாத்துட்டேன். உங்ககிட்ட வந்தப்பறமும் நான் அந்த வரிய டைப் பண்ணிட்டுத்தான் இருந்தேன். என்ன மாதிரி யாராச்சும் இருக்காங்களான்னு பாக்குற பழக்கம், விடல. திடீர்னு ஒருநாள் ஒருத்தி இருந்தா. சந்தோஷமாத் தொறந்து படிச்சேன். பாத்தா அது நானு."

மேலே ஏதோ ஒரு மாடியில் பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்பவே என்ன நிறுத்திக் கேட்டிருக்கலாமே லீலா."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு வாரம் வரல, ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. அதுக்குள்ள குரூப்புக்கு குரூப்பு போயிருச்சு. சரி, தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு, நெஜ எழுத்தையே படிச்சுக் காட்டிருவோம்னு நெனச்சேன். நீங்களும் வந்து பாக்கட்டும்னுதான் கூப்ட்டேன்." லீலா கல்மேசையின் விளிம்பை விரலால் தேய்த்தாள். "எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்ல. அதுக்குத்தான் கேட்டேன்."

ரபியாவால் தலை நிமிர முடியவில்லை. "என்ன மன்னிச்சிருங்க" என்றாள். அந்த வார்த்தை அந்தக் கல்மேசைமேல் ஒன்றுமில்லாமல் கிடந்தது.

"படிப்ப விட்டுறாதீங்க லீலா. நான் வேணும்னா இங்கயே வந்து..."

"விடல டீச்சர். வேற எடத்துல சேந்துட்டேன்." பெயரைச் சொன்னாள். புதுப்பக்கம் போட்ட அந்தப் பெரிய நிலையம்தான். "அதே வரிதான். டைப் பண்ணேன், வந்துச்சு. பெரிய எடம். என் பேரு ஒரு நம்பரு. என்ன பண்றீங்க, ஏன் படிக்கிறீங்கன்னு யாரும் கேக்கல." எழுந்தாள். பிறகு, கோபமில்லாத குரலில், "சொல்லித் தர்றதுல உங்கள மாதிரி வராது" என்றாள். அதற்குப் பதில் அவள் கோபித்திருந்தால் ரபியா தாங்கியிருப்பாள்.

ஜூன் விடுமுறை வந்து போயிற்று. அறை ரபியாவிடமே இருந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகள், ஞாயிறு மாலைகளில் பெரியவர்கள். புது அழைப்புகள் நின்றுவிட்டன, ஆனால் வந்தவர்கள் போகவில்லை. ஞாயிறு வருகிறவர்கள் எல்லோருமே அந்தப் பக்கத்தால் வந்தவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறந்து விளக்கைப் போடும்போது ரபியாவுக்கு அது நினைவுக்கு வரும்.

ஒரு ஞாயிறு இம்ரான் ஒரு முழுப் பத்தியைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டு நிமிர்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் வெட்கத்தோடு கேட்டான்:

"டீச்சர், உங்க பேஜ்ல ஒரு அம்மா இருந்தாங்களே, ஃபைல் வெச்சிருந்தவங்க. அவங்களப் படிச்சுட்டுத்தான் நான் வந்தேன். இப்ப நல்லாப் படிக்கிறாங்களா?"

"படிக்கிறாங்க."

"எந்த நாள் வர்றாங்க? பாக்கணும் டீச்சர்."

இந்த முறையும் ஏதாவது சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். நல்லா இருந்துச்சு என்று அன்றைக்குச் சொன்னாளே, அதுபோல.

"இங்க வர்றதில்ல" என்றாள் ரபியா. "எனக்கு மட்டும்னு சொன்னத நான் அவங்களக் கேக்காம எழுதிட்டேன். ஊர்ல எல்லாருக்கும் அது அவங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. மேடையில வெச்சுச் சிரிச்சாங்க. அதனால போயிட்டாங்க."

கீழே கடையில் யாரோ புடவையை உதறி விரிக்கும் ஓசை கேட்டது. வந்த முதல் நாளில் இவர்கள் ஒவ்வொருவரும் இதே மேசையில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லியிருந்தார்கள். அது இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, முகங்களில் தெரிந்தது.

ஆஸ்மாதான் முதலில் வாய் திறந்தாள். "என்னோடதையும் எழுதியிருக்கீங்களா டீச்சர்?"

"இல்ல."

"பாத்ரூம்ல அழுதேன்னு சொன்னேனே, அது?"

"இல்ல ஆஸ்மா. எழுதல. எழுத மாட்டேன்."

ஆஸ்மா தலையை ஆட்டினாள். பிறகு தன் முன்னால் இருந்த மகளின் பிறந்தநாள் வாழ்த்தை, வாரம் ஒரு வரியாக எழுத்துக்கூட்டிப் படிக்க அவள் கொண்டுவருகிற அந்த அட்டையை, மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "பாடப் புத்தகத்துலருந்தே படிக்கிறேன் டீச்சர்" என்றாள்.

"சரி" என்றாள் ரபியா. புத்தகத்தைத் திறந்தாள். எந்தப் பக்கம் என்று இம்ரான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.